டெவலப்பரைக் கூப்பிடுவதற்கு முன்

சிறு தொழில் நடத்துபவர் இணையதளம் தொடங்கலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதே கேள்வியை மூன்று டெவலப்பர்களிடம் கேட்டால் ஒருவர் 15,000 ரூபாய் என்பார், இன்னொருவர் 60,000 என்பார், மூன்றாமவர் இரண்டு லட்சத்துக்குக் குறைந்து முடியாது என்பார். இதில் யார் ஏமாற்றுகிறார் என்று கேட்டவர் குழம்பிப்போவார். பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. கேள்வியில் விவரம் ஒன்றும் இல்லாததால், மூவரும் தங்கள் மனத்தில் இருந்த மூன்று வெவ்வேறு தளங்களுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் நினைத்தது கடைப் பெயர், முகவரி, நாலு படம் கொண்ட ஐந்து பக்கம். இரண்டாமவர் நினைத்தது பொருள் பட்டியலும் விசாரணைப் படிவமும். மூன்றாமவர் நினைத்தது பணம் வாங்கி, பில் போட்டு, கூரியரில் சேர்க்கிற முழு இணையக்கடை.

எது தன் தொழிலுக்குத் தேவை என்பது முதலாளி சொல்ல வேண்டிய பதில். அதை டெவலப்பரிடம் விட்டுவிட்டால் அவர் தனக்குப் பழக்கமானதைச் செய்துதருவார். அதை அவர் தவறென்றும் சொல்ல முடியாது. நிரல் எழுதத் தெரியாததால் கெட்டுப்போன தளங்களும் உண்டு. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் எடுக்காமல் விட்ட இடங்களில் நிரல் எழுதுபவர் ஊகித்து எழுதியதால் கெட்டவைதான் மிகுதி. இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் சங்கடம் என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் மொய்த்தார்கள். முதல் நாள் முடிவில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். நிரல் பிழைகளும் சர்வர் கோளாறுகளும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமும் சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமும் பின்னால் ஆராய்ந்தபோது, வேர் அதற்கு முன்பே இருந்தது தெரிந்தது. யார் இறுதி முடிவெடுப்பது என்பதே தெளிவாக இல்லை. தேவைகள் கடைசி மாதங்கள் வரை மாறிக்கொண்டே இருந்தன. திட்டங்களின் விலையைச் சும்மா பார்க்க வந்தவர்கூட முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்ற ஏற்பாடு வேறு. அதனால் அத்தனை கூட்டமும் கணக்குத் தொடங்கும் ஒரே பக்கத்தில் போய் நெரிந்தது. விலையை முன்னால் காட்டுவதா, கணக்கை முன்னால் கேட்பதா என்பது நிரலாளர் எடுக்கும் முடிவே இல்லை.

இன்னொன்று கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸ் கதை. 2016-ல் தன் தளத்தைப் புதிதாகச் செய்யும் வேலையை அது அக்சென்சர் நிறுவனத்திடம் கொடுத்தது. 2017 டிசம்பரில் திறக்க வேண்டிய தளம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 2019 ஏப்ரலில், கொடுத்த 3.2 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டு ஹெர்ட்ஸ் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. புகாரில் ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. செல்பேசிக்கும் கணினிக்கும் பொருந்தும்படி செய்த பக்கங்களில், டேப்லெட் போன்ற நடு அளவுத் திரைக்கான வடிவம் விடுபட்டுவிட்டது, அதற்குக் கூடுதல் பணம் கேட்டார்கள் என்றது ஹெர்ட்ஸ். குற்றச்சாட்டுகளை அக்சென்சர் மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். டேப்லெட்டுக்கும் சேர்த்துத்தான் விலை பேசினோமா என்ற கேள்வி கோடி டாலர் ஒப்பந்தத்திலேயே வழக்கில் போய் நிற்கிறது. 60,000 ரூபாய்க்கு வாய்ப்பேச்சாக முடிக்கப்படும் ஒப்பந்தத்தில் எத்தனை விடுபடும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுச் சிறு தொழிலுக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது, தளம் இப்போது தேவையா என்பது. பக்கத்து நாலு தெருவுக்கு இட்லி மாவு கொடுப்பவருக்கு கூகுள் மேப்பில் சரியான பெயரும் நேரமும் போன் எண்ணும் இருந்தால் போதும்; அதற்குக் காசில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, 2019-ல் அதில் பொருள் பட்டியல் போடும் வசதியும் சேர்ந்தது. மாதம் இருபது ஆர்டர் வருகிற வீட்டுத் தையல்காரருக்கு அதுவே தாங்கும். இப்படிப்பட்டவர்களிடம் நேர்மையான டெவலப்பர் "இப்போதைக்கு வேண்டாம்" என்றுதான் சொல்ல வேண்டும். வெளியூர் வாடிக்கையாளர் தேடி வரும்போதும், வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் விசாரித்துப் பார்க்கும் தொழிலிலும், பெரிய இணையச் சந்தைகளின் கமிஷன் லாபத்தைத் தின்னும்போதும் சொந்தத் தளம் அவசியமாகிறது. சந்தைத் தளத்தில் விற்கும்போது வாடிக்கையாளரின் முகவரிப் பட்டியல் விற்பவர் கைக்கு வருவதில்லை என்பதையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விசாரித்துப் பார்த்து வாங்கும் தொழிலுக்குத் திருப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள பின்னலாடை ஏற்றுமதியாளரின் தளத்தில் யாரும் பனியனைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப்போவதில்லை. ஐரோப்பிய வாங்குநர் வந்து பார்ப்பது வேறு: என்ன வகைத் துணி, மாதம் எத்தனை பீஸ் தைக்க முடியும், சாயப்பட்டறை சொந்தமா வெளியிலா, இயற்கைப் பருத்திக்கான கோட்ஸ் சான்று உண்டா, துணியில் நச்சுப் பொருள் இல்லை என்பதற்கான ஓகோடெக்ஸ் சான்று உண்டா, அவற்றின் காலாவதித் தேதி என்ன. சான்றிதழ் எண்ணைக் கொண்டு வழங்கிய அமைப்பின் தளத்திலேயே சரிபார்த்துவிடலாம் என்பதால், போன வருடம் முடிந்துபோன சான்றின் படத்தைப் போட்டுவைப்பது ஒன்றும் போடாததைவிடக் கெடுதல். கோயம்புத்தூர் பம்ப் தயாரிப்பாளருக்கோ குதிரைத் திறன், தண்ணீர் ஏறும் உயரம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், குழாய் அளவு எல்லாம் ஒரே அட்டவணையில் தேடக் கிடைக்க வேண்டும். இவர்கள் இருவருக்கும் பேமென்ட் கேட்வே எதற்கு? இருந்தும் பல கொட்டேஷன்களில் அது சேர்ந்தே வருகிறது.

இணையக்கடைக்குத்தான் முன்தயாரிப்பு அதிகம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் ஒருவர் நேரடியாக விற்கத் தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று பெட்டியிலும் தளத்திலும் போடும் முன், நாம் அந்தப் பெயரின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவாகியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது முதல் வேலை. அடுத்தது, யாருக்கு விற்கிறோம் என்பது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு ஊர் மிட்டாய்க்கு ஏங்குகிறவர் அரைக் கிலோ கேட்பார். மதுரைக் கடைக்காரர் இருபது பெட்டி கேட்பார், விலை குறைத்தும் கேட்பார். இருவருக்கும் ஒரே விலை காட்டும் தளத்தில் ஒருவர் கட்டாயம் திரும்பிப் போய்விடுவார்.

பிறகு பெட்டி. இதில் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். மிட்டாய் நொறுங்காமல் இருக்கட்டும் என்று அரைக் கிலோவை 30-க்கு 20-க்கு 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு 6,000-ஐ 5,000-ஆல் வகுத்து 1.2 கிலோவாகிவிடும். வாடிக்கையாளரிடம் அரைக் கிலோவுக்கான கூரியர் கட்டணம் வாங்கும்படி தளத்தை அமைத்திருந்தால், ஒவ்வொரு ஆர்டரிலும் மிச்சத்தை முதலாளி தன் பையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார். டெவலப்பருக்கு இது தெரிய வழியில்லை. பெட்டி அளவுகளை அளந்து, எந்த எடைக்கு எந்தப் பெட்டி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் சரியான கணக்கை எழுதிவிடுவார்.

இதுபோல முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை இன்னும் உண்டு. மழைக்காலத்தில் வெல்லம் கசியும். அப்போது தூர ஊர்களுக்கு அனுப்புவதா நிறுத்துவதா? மிட்டாய் நொறுங்கிப் போய்ச் சேர்ந்தால் பணம் திருப்பித் தருவதா, வேறு பெட்டி அனுப்புவதா, அதற்குப் படம் கேட்பதா? கேஷ் ஆன் டெலிவரி உண்டா? உண்டென்றால், வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் பார்சலுக்குப் போகவர இரண்டு வழிக் கூரியரும் நம் தலையில் விழும், திரும்பி வந்த மிட்டாயை மறுபடி விற்கவும் முடியாது. கடையில் விற்கும் சரக்கும் தளத்தில் காட்டும் சரக்கும் ஒன்றா? தீபாவளிக்கு முந்தின நாள் கடையில் எல்லாம் தீர்ந்துபோன பிறகும் தளம் ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தால் யார் அதை நிறுத்துவது? இவை ஒவ்வொன்றுக்கும் முதலாளியிடம் ஒரு வரிப் பதில் இருக்கிறது. கேட்காமல் விட்டால் டெவலப்பர் தானே ஒரு பதிலை வைத்து எழுதிவிடுவார். அதை மாற்ற வரும்போது நாளும் பணமும் போகும்.

வேலை பாதியில் இருக்கும்போது இப்படி ஓர் உரையாடல் நடப்பது வழக்கம்:

"தம்பி, ஒரு சின்ன வேலைதான். பத்து பர்சன்ட் கூப்பன் ஒண்ணு மட்டும் வச்சுக் குடுத்துருங்க."

"சரி அண்ணாச்சி. கூரியர் சார்ஜுக்கும் தள்ளுபடியா, மிட்டாய்க்கு மட்டுமா? ஒரே ஆள் எத்தன தடவ போடலாம்? ஏற்கெனவே ஆஃபர்ல இருக்குற பெட்டிக்கும் உண்டா? பாதி ஆர்டர கேன்சல் பண்ணுனா எவ்வளவு திருப்பணும்?"

அண்ணாச்சிக்கு அது ஒரு கூப்பன். தம்பிக்கு அது நாலு கேள்வி, ஒரு நாள் வேலை, ஜிஎஸ்டி பில்லில் ஒரு மாற்றம். இரு தரப்புக்கும் வருத்தம் வராமல் இருக்க, ஒப்புக்கொண்ட வேலைகளின் பட்டியல் கையெழுத்தாகி இருக்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே வருவதற்கு மணிக்கு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். நீண்ட ஆவணம் தேவையில்லை. பக்கங்களின் பட்டியல், ஒவ்வொரு பக்கத்திலும் வாடிக்கையாளர் செய்யக்கூடியது என்ன, முதல் கட்டத்தில் எது வேண்டாம் என்ற மூன்றும் இரண்டு பக்கத்தில் அடங்கும். மூன்றாவதாகச் சொன்ன 'வேண்டாம்' பட்டியலைத்தான் அநேகர் எழுதுவதில்லை. சண்டைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உள்ளடக்கம் என்று வரும்போது பழி டெவலப்பர் மேல் விழுகிறது, தாமதம் வேறிடத்தில் நடக்கிறது. 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு எழுத்து வராமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் தளங்கள் ஏராளம். தமிழில் எழுதிக் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நோட்டீஸ், விலைப்பட்டியல் எல்லாம் அச்சகத்தில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் தளத்தில் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனால் பல அச்சகங்களின் பழைய கணினிகள் இன்னும் மாறவில்லை. மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்ப்பது கட்டாயம். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது சாதாரணம். தமிழ் தெரியாத டெவலப்பருக்கு 'கொள்முதல்' உடைந்து கிடப்பது கண்ணில் படாது.

வடிவமைப்பாளர்கள் வெற்றிடத்தை நிரப்ப அர்த்தமில்லாத லத்தீன் வரிகளைப் போட்டு மாதிரி காட்டுவார்கள். அதில் அழகாக இருக்கும் பக்கம் தமிழ் வரிகள் ஏறியதும் கலைந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் 'கூடையில் சேர்க்கவும்' அடங்காது. ஆங்கில வரி இடைவெளியில் 'கீ', 'தூ' போன்ற எழுத்துகளின் சுழியும் வாலும் வெட்டுப்படும். முதல் மாதிரியையே உண்மையான தமிழ் வரிகளோடு கேட்பது நல்லது.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், தெளிவு போய்விடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்ப வேண்டும், அல்லது கூகுள் டிரைவில் போட வேண்டும். பட்டுச் சேலை விற்பவர் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போட்டால் அரக்கு நிறம் வேறாகத் தெரியும், சேலை திரும்பி வரும். இதற்கு எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கிறது: பெரிய கேமராவில் எடுத்த படத்தை அப்படியே முகப்பில் ஏற்றுவது. முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். தேடலுக்காகத் தளங்களை அது செல்பேசி வடிவத்தை வைத்தே மதிப்பிடுகிறது. விலையையும் சலுகையையும் படத்துக்குள் எழுத்தாக வரைந்துவிட்டால் கூகுளாலும் அதைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது, திரைவாசிப்பானில் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற வாடிக்கையாளருக்கும் விலையே தெரியாது. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு எளிதாகச் சரிசெய்யக் கூடியதோ, அவ்வளவு அலட்சியமாக விடப்படுகிறது.

இனி டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: டொமைனை முதலாளி தன் பெயரில், தன் மின்னஞ்சலில், தன் கார்டில் வாங்க வேண்டும். "நானே வாங்கிக் கொடுத்துடுறேன் சார்" என்று டெவலப்பர் சொல்வது பெரும்பாலும் உதவும் எண்ணத்தில்தான். ஆனால் பதிவு அவர் பெயரில் இருந்தால், வீடு கட்டிய மேஸ்திரியின் பெயரில் மனைப் பட்டா இருப்பதற்குச் சமம். அவர் வேலை மாறிச் சிங்கப்பூர் போய்விடலாம், போன் எண் மாறலாம், மனஸ்தாபம் வரலாம். ஓடிபி அவருடைய எண்ணுக்குத்தான் போகும். ஹோஸ்டிங், பேமென்ட் கேட்வே, கூகுள் பிசினஸ் கணக்கு, பார்வையாளர் எண்ணிக்கை பார்க்கும் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே விதி. முதலாளி கணக்கைத் தொடங்கி, டெவலப்பருக்குத் தனி அனுமதி கொடுக்கலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

வாங்கினால் மட்டும் போதாது, புதுப்பிக்க வேண்டும். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பாஸ்போர்ட்.காம் என்ற தன் டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழைவதற்கான வழி அதில் இருந்ததால் பலரால் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஒரு லினக்ஸ் நிரலாளர் தன் பணத்தில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். டாட் காம் டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்க அபராதம் சேர்த்துக் கட்ட வேண்டும். அதுவும் கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய கடையின் டொமைனை வேறு யாராவது வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டால் அந்தப் பெயரை மீட்பது பெரும்பாடு.

ஏற்கெனவே மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருக்கும் டொமைன் என்றால் இன்னொரு எச்சரிக்கை. புதுத் தளத்துக்காக நேம்சர்வரை மாற்றும்போது மின்னஞ்சலுக்கான பதிவுகளையும் சேர்த்து நகர்த்தாவிட்டால், தளம் அழகாகத் திறக்கும், வெளிநாட்டு வாங்குநரின் கடிதம் மட்டும் வந்து சேராது. மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள எல்லா டிஎன்எஸ் பதிவுகளையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். பழைய தளத்தின் பக்க முகவரிகள் புது முகவரிகளுக்குத் தானாகத் திரும்பும்படி அமைக்கச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. இல்லாவிட்டால் பல ஆண்டுகளாகக் கூகுளில் சேர்த்த இடம் ஒரே நாளில் கரையத் தொடங்கும்.

காசு கொடுத்துச் செய்வித்த தளம் தனக்கே சொந்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சேரும். ஒப்பந்தத்துக்கு எழுதித் தரும் வெளி ஆள் என்றால், வேறு உடன்பாடு இல்லாதவரை முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எனவே ஒப்பந்தத்தில் "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. டெவலப்பர் பல வாடிக்கையாளர்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் துண்டுகளைத் தனக்கே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமை மட்டும் தருவது நியாயமே. அதையும் எழுதிவிட்டால் போதும். படங்களைக் கூகுளில் தேடி எடுத்துப் போட்டால் அவற்றின் உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸ் தளத்தின் சொந்தக்காரருக்குத்தான் வரும்.

விற்பனைத் தளத்தில் சட்டப்படி இருக்க வேண்டியவற்றையும் முதலாளிதான் எடுத்துத் தர வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும்; புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் முதலாளியாகவே இருப்பார், பரவாயில்லை; பெயர் போட்டாக வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண். பொட்டலப் பொருள் என்றால் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, எந்த நாட்டுப் பொருள் என்ற விவரங்கள். பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் கணக்கைத் திறந்துவிடும் முன் தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், அனுப்பும் முறை ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரமும் கேட்கும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் தளம் முடிகிற வாரத்தில் தொடங்குவது தாமதம். ஓடிபி, ஆர்டர் தகவலை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப வேண்டும் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவும் வேண்டும், அதுவும் ஒரே நாளில் முடியாது.

ரெடிமேட் வடிவங்களில் வரும் சில அலங்காரங்களைக் கழற்றச் சொல்வதும் முதலாளியின் கடமை. "இன்னும் 3 மட்டுமே", "09:59 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய்யாக ஓடும் கடிகாரங்கள் பல வடிவங்களில் கூடவே வருகின்றன. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. பொய் அவசரம் அதில் ஒன்று. முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட ஒப்புதல் கட்டங்களுக்கும் இடமில்லை. வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் முதல் அனுமதிப்பதில்லை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறியதற்கான அபராதத்தின் உச்சம் 250 கோடி ரூபாய். மிட்டாய் விற்க வாடிக்கையாளரின் பிறந்த தேதி எதற்கு என்று படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கேட்டாலே பாதிச் சுமை குறைந்துவிடும்.

இவ்வளவும் கையில் இருந்தால் டெவலப்பரைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிறது. ஒரே தாளை மூவரிடம் கொடுத்தால் வரும் மூன்று விலையையும் ஒப்பிட முடியும். செய்த தளங்களைக் கேட்டு வாங்கி, அவற்றைத் தன் செல்பேசியில் திறந்து பார்த்து, அந்தக் கடைக்காரர்களிடம் போன் செய்து பேசலாம். கேட்க வேண்டியது "நல்லாச் செஞ்சாரா?" என்பதைவிட, "முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு ஒரு கோளாறு வந்தப்போ போன எடுத்தாரா?" என்பது. எதிர்க்கேள்வி கேட்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுகிறவரை நம்புவதைவிட, பெட்டி அளவு என்ன என்று கேட்கிறவரை நம்பலாம்.

எதில் செய்வது என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. ஒருவர் விட்டுப் போனால் இன்னொருவர் எடுத்து நடத்தலாம் என்பது அதன் பெரிய பலம். ஷாப்பிஃபை போன்றவற்றில் பராமரிப்புத் தலைவலி குறைவு, மாத வாடகை நிற்காது. டெவலப்பர் தானே உருவாக்கிய முறையில் செய்தால், அதை வேறு யார் புரிந்துகொள்வார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். வேர்ட்பிரஸை அப்படியே விட்டுவிடவும் முடியாது. அது ஓடும் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின. அதற்குப் பின்னும் புதுப்பிக்காமல் கிடக்கும் தளம் திருடர்களுக்குத் திறந்த வீடு. காசு கொடுத்து வாங்கிய பிளக்இன்களின் உரிமச் சாவி டெவலப்பரின் கணக்கில் இருந்தால், உறவு முடிந்ததும் அவற்றின் புதுப்பிப்பும் முடியும்.

அதனால் கொட்டேஷனில் இரண்டு தொகை கேட்க வேண்டும்: செய்வதற்கு ஒன்று, ஆண்டுதோறும் ஆவது ஒன்று. டொமைன், ஹோஸ்டிங், பிளக்இன் உரிமம், எஸ்எம்எஸ், பராமரிப்பு, கார்டு பரிவர்த்தனைக்குச் சுமார் 2 சதவீத கேட்வே கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி எல்லாம் இரண்டாவதில் வரும். பணத்தை வேலையின் கட்டங்களோடு இணைத்துக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு: அட்வான்ஸ், வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, சோதனைத் தளம் ஓடியதும் ஒரு பங்கு, கைமாற்றிக் கொடுத்ததும் மிச்சம். முதலாளி பக்கத்தில் பதில் சொல்ல ஒரே ஓர் ஆள் இருக்க வேண்டும். அப்பா நீலம் என்றும், மகன் பச்சை என்றும், மைத்துனர் இரண்டும் வேண்டாம் என்றும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த டெவலப்பராலும் முடிக்க முடியாது. வீட்டில் பேசி முடித்து ஒருவர் சொல்லட்டும். கேட்ட கேள்விக்கு இரண்டு மூன்று நாளில் பதில் தருவதாக அவரும் ஒப்புக்கொள்ளட்டும்.

தளம் தயார் என்றதும் டெவலப்பரின் பெரிய திரையில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், சிக்னல் சுமாராக இருக்கும் இடத்தில், தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து அரைக் கிலோ வாங்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து எதுவும் பேசாமல் கவனிக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறார், எதை இரண்டு தடவை அழுத்துகிறார் என்பது அங்கே தெரியும். யுபிஐயில் நிஜப் பணம் கட்டி, பாதியில் நெட்டைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் நின்றால் தளம் என்ன சொல்கிறது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பி, அது எந்த மின்னஞ்சல் பெட்டிக்கு வருகிறது, ஸ்பாம் பகுதிக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மிச்சப் பணம் கொடுக்கும் நாளில் டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மவுஸ் முதலாளியின் கையில் இருக்கட்டும். அவரே உள்ளே நுழைந்து ஒரு பொருளின் விலையை மாற்ற வேண்டும், ஒரு புதுப் பெட்டியைப் படத்தோடு சேர்க்க வேண்டும், தீர்ந்துபோன ஒன்றை மறைக்க வேண்டும், ஓர் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் அவரே புதிதாக மாற்ற வேண்டும். கடைசியாக, நேற்றைய பேக்கப்பை எடுத்து ஒரு சோதனை முகவரியில் முழுத் தளமாகத் திரும்ப நிறுத்திக் காட்டச் சொல்ல வேண்டும். அது சரியாகத் திறந்துவிட்டால் மிச்சப் பணத்தை அங்கேயே அனுப்பிவிடலாம்; அதைத் தள்ளிப்போடுவது அந்தத் தம்பிக்குச் செய்யும் அநியாயம்.